நடை பழகிய வரலாறு

குழந்தை தளர்நடை பயிலும்போது கைதட்டி மகிழ்கிறோம். வளர்ந்தபின் அந்நடையை நோயால் இழந்தவர் மீண்டும் அதனைப் பழக இயலுமா என்னும் வினா, மருத்துவர்களிடையே ஒரு நூற்றாண்டுக்கு மேல் வழக்காக இருந்துவந்தது. அதன் வரலாற்றைச் சுருங்கக் கூற விழைகிறேன்.

1868-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ஷார்க்கோ, மூளையிலும் தண்டுவடத்திலும் திட்டுத் திட்டாகத் தழும்பேறும் ஒரு நோயைத் தெளிவாக வரையறுத்தார். மல்ட்டிப்பிள் ஸ்கிளிரோசிஸ் என்பது அதன் பெயர். மின்கம்பிக்கு உறைபோல நரம்பிழைகளைச் சூழ்ந்துள்ள மையலின் சிதைவதால், மூளையின் ஆணை கால்களுக்குச் செவ்வையாகச் சென்று சேர்வதில்லை. நடை தள்ளாடுகிறது.

1890-இல் ஊட்டாஃப் என்னும் ஜெர்மானியக் கண் மருத்துவர் இந்நோயாளரிடம் ஓர் உண்மையைக் கண்டு எழுதினார். உடலை வருத்தி உழைத்தால் சிலருக்குப் பார்வை மங்குகிறது, ஓய்ந்தபின் தெளிகிறது. உடல் வெப்பம் ஏறுவதே காரணம் என்பது பின்னர் விளங்கிற்று. ஊறுபட்ட நரம்பில் செய்தி செல்வதை வெப்பம் தடுக்கிறது. உடல் குளிர்ந்ததும் பழைய நிலை திரும்புகிறது. கண்டது மெய், அதனின்று பலர் கொண்ட முடிவோ பிழை. நோயாளர் உடற்பயிற்சியைத் தவிர்த்தல் நலம் என்று நெடுங்காலம் அறிவுரை கூறப்பட்டது. அசையாத கால்கள் மேலும் மெலிந்தன. நோய் செய்த கேடு எவ்வளவு, ஓய்வு செய்த கேடு எவ்வளவு என்று பிரித்தறிவதே அரிதாயிற்று.

அதே 1890-இல் மாற்று வழி ஒன்றும் அச்சேறியிருந்தது என்பதுதான் வியப்பு. சுவிட்சர்லாந்தில் ஹைடன் என்னும் ஊரில் ஃபிரெங்கெல் என்ற மருத்துவர் இருந்தார். டேபிஸ் என்னும் வேறொரு தண்டுவட நோயால் கைகால்களின் இயக்கம் ஒழுங்கு குலைந்த ஒருவரை, விரலால் மூக்கைத் தொடுமாறு அவர் சோதித்தார். அந்நோயாளியால் இயலவில்லை. சில மாதங்கள் கழித்து வந்தபோது எளிதில் தொட்டுவிட்டார். மருத்துவர் வியந்து வினவ, சோதனையில் தேற வேண்டும் என்பதற்காகப் பயின்று வந்ததாக விடை கூறினாராம். தேர்வுக்காக மட்டும் படிக்கும் மாணவரை நான் அடிக்கடி கடிந்ததுண்டு. இவர் ஒருவரை மன்னித்துவிடுகிறேன்.

இதனின்று ஃபிரெங்கெல் ஒரு பயிற்சி முறையையே வகுத்தார். தரையில் கோடுகளும் அடிச்சுவடுகளும் வரைந்து, எண்ணிக்கை சொல்லிக்கொண்டே, கண்ணால் பார்த்துப் பாதத்தை மெல்ல வைக்கச் செய்தார். கால் உணராததைக் கண் உணர்த்தியது. ஸ்கிளிரோசிஸ் நோயாளரின் தள்ளாட்டத்துக்கும் பின்னர் இம்முறை பயன்பட்டது.

ஆயினும் மூச்சிரைக்கும் உழைப்பைப் பற்றிய அச்சம் எளிதில் அகலவில்லை. 1996-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்துப் பெட்டஜன் குழுவினர், 54 நோயாளரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் கைகளாலும் கால்களாலும் சுழற்றும் பயிற்சிப் பொறியில் வாரம் மும்முறை, 40 நிமிடம் வீதம், 15 வாரங்கள் பயின்றனர். அவர்களுடைய உடல்திறன் உயர்ந்தது. ஊனத்தின் அளவு கூடவில்லை. 2009-இல் ஸ்னூக், மோட்டல் என்னும் இருவர் 22 கட்டுரைகளைத் தொகுத்து ஆராய்ந்து, பயிற்சியால் நடை சிறிதளவு மேம்படுகிறது என்று கணித்தனர். சிறிதளவுதானா என்று முகம் சுளிக்க வேண்டா. பிறர் தோளைப் பற்றாமல் வாயில்வரை செல்வது அச்சிறிதளவுக்குள் அடங்கிவிடக் கூடும்.

இன்று விசிறியைச் சுழலவிட்டும், குளிர்ந்த நீர் அருந்தச் செய்தும் நடை பழக்குகின்றனர். ஊட்டாஃப் கண்ட பார்வை மங்கல் அங்கும் சிலருக்கு நேர்கிறது. அவர்கள் சற்று அமர்ந்து, உடல் ஆறியபின் எழுந்து, நடையைத் தொடர்கின்றனர்.