வெண்டல் ஸ்காட்டும் வராத கோப்பையும்

நாஸ்கார் பத்தி எழுதப்போறேன்னு சொன்னதுமே நண்பர் ஒருத்தர் கேட்டார்: "இடது பக்கமாவே சுத்திக்கிட்டு இருப்பானுங்களே, அந்த ரேஸா?" அதேதான் மக்களே. ஆனா அந்தச் சுத்துல ஒரு பெரிய சரித்திரம் இருக்கு. கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திட்டு வந்துடலாம், வாங்க.

ஆரம்பம் கள்ளச்சாராயம். சும்மா சொல்லலை, நிஜமாவே அதுதான். அமெரிக்காவில் 1920ல் இருந்து 1933 வரை மதுவிலக்கு. அது போன பிறகும், வரி கட்டாம மலையில் காய்ச்சி ஊருக்குள்ள கொண்டுவந்து விக்கிற தொழில் தெற்கு மாநிலங்களில் நிக்கலை. சரக்கு கடத்தற காரு வெளியே பார்த்தா சாதுவா, பெரியவர் ஒருத்தர் சர்ச்சுக்குப் போற வண்டி மாதிரி இருக்கணும். உள்ளே எஞ்சின் மட்டும் போலீஸ் ஜீப்பை ஊதித் தள்ளணும். பின்னாடி பாரம் ஏத்தினா வண்டி தாழ்ந்து காட்டிக் கொடுத்துடும்னு ஸ்பிரிங்கைக் கெட்டியாக்குவாங்க. ராத்திரி முழுக்க மலைப் பாதையில் ஓட்டிப் பழகின பசங்க, ஞாயித்துக்கிழமை ஆனா "உன் வண்டி வேகமா, என் வண்டி வேகமா"ன்னு வயல்வெளியில் மோதிப் பார்த்தாங்க. ஷோரூமில் கிடைக்கிற கார்தானே, அதனால ஸ்டாக் கார்.

இதை ஒழுங்குபடுத்தணும்னு பில் ஃப்ரான்ஸ் என்பவர் 1947 டிசம்பரில் டேடோனா பீச்சில், ஸ்ட்ரீம்லைன் ஹோட்டலில் கூட்டம் போட்டார். 1948 பிப்ரவரியில் நாஸ்கார் பிறந்தது. ஷோரூம் கார்களுக்கான முதல் ரேஸ் 1949 ஜூன் 19, சார்லட் நகரில். முதலில் வந்தவர் க்ளென் டன்அவே. வண்டியைச் சோதிச்சா, பின்பக்க ஸ்பிரிங் சாராய வண்டி பாணியில் கெட்டியாக்கியிருக்கு! அவரைத் தள்ளிட்டு, ஜிம் ரோப்பர்னு இன்னொருத்தருக்கு வெற்றியைக் கொடுத்தாங்க. சாராயக் காரில் வளர்ந்த ஆட்டம், முதல் நாளே சாராயக் காரை வெளியே தள்ளிய கூத்து இது.

இந்த முதல் ரேஸை ஞாபகத்தில் வெச்சுக்கோங்க. முதலில் வந்தவர் ஒருத்தர், கோப்பை வாங்கினவர் இன்னொருத்தர். அங்கே அதுக்கு விதின்னு ஒரு காரணமாவது இருந்தது. 14 வருஷம் கழிச்சு நடந்ததுக்கு அதுவும் கிடையாது.

2022 அக்டோபர் கடைசி வாரம், ராலேயில் பொட்டி தட்டுற நாங்க நாலு பேர் மார்ட்டின்ஸ்வில் ரேஸுக்குக் கிளம்பினோம். எங்களில் மதுரைக்காரர் ஒருத்தர் இருக்கார், பத்து வருஷமா நாஸ்கார் பைத்தியம். அவர் பேச்சைக் கேட்டுத்தான் மத்த மூணு பேரும் கெட்டுப்போனோம். ராலேயில் இருந்து வடக்கே ரெண்டு மணி நேரம் ஓட்டினா வர்ஜீனியா. வழியில் டான்வில். அங்கே ரோட்டோரம் ஒரு பெரிய கம்பத்தில் கான்ஃபெடரேட் கொடி பறக்குது. அடிமை முறையைக் காப்பாத்தச் சண்டை போட்ட தெற்கு மாநிலங்களின் கொடி. 1865 ஏப்ரலில் ஒரே ஒரு வாரம் அந்த அரசுக்குக் கடைசித் தலைநகரா இருந்த ஊர் டான்வில். அதே ஊரில் வெண்டல் ஸ்காட் பேரில் ஒரு தெருவும் இருக்கு. வண்டியை ஓரங்கட்டி மதுரைக்காரர் சொல்ல ஆரம்பிச்ச கதைதான் இந்தப் பதிவு.

வெண்டல் ஸ்காட் 1921 ஆகஸ்ட் 29ல் டான்வில்லில் பிறந்த கறுப்பினத்தவர். இரண்டாம் உலகப் போரில் ராணுவ மெக்கானிக். திரும்பி வந்து டாக்சி ஓட்டினார், கூடவே சாராயமும் கடத்தினார். 1949ல் மாட்டிக்கிட்டார். 1952ல் டான்வில் ரேஸ் நடத்தினவங்களுக்குக் கூட்டம் சேரலை. ஒரு கறுப்பர் ஓட்டினா வேடிக்கை பார்க்க ஜனம் வரும்னு ஒரு யோசனை. "இந்த ஊர்ல வேகமா ஓட்டற கறுப்பர் யாரு?"ன்னு போலீஸ்கிட்டயே போய்க் கேட்டாங்க. துரத்தித் துரத்திக் களைச்சவங்களுக்குத் தெரியாதா? ஸ்காட் பேரைச் சொல்லிட்டாங்க :-)

வேடிக்கைக்குக் கூப்பிட்டாங்க, அவர் நிஜமாவே ஓட்டினார். கொஞ்ச நாளிலேயே லிஞ்ச்பர்கில் முதல் வெற்றி. நாஸ்கார் ரேஸுக்குப் போனப்போ சில இடங்களில் வாசலோட திருப்பி அனுப்பினாங்க. 1954ல் எங்க ராலேயில் நடந்ததை ஸ்காட்டே பின்னாளில் சொல்லியிருக்கார். வந்த வெள்ளை ஓட்டுநர்களுக்கெல்லாம் பெட்ரோல் காசு கொடுத்த ஏற்பாட்டாளர், இவருக்கு மட்டும் கையை விரிச்சுட்டார். ஸ்காட் நேரா பில் ஃப்ரான்ஸ்கிட்ட போனார். அவர் தன் பையில் இருந்து 30 டாலர் எடுத்துக் கொடுத்து, நீ நாஸ்கார் உறுப்பினர், உன்னை யாரும் வேத்துமையா நடத்தக் கூடாதுன்னாராம். வாக்கு நல்ல வாக்குதான். டார்லிங்டன் மைதானத்தில் மட்டும் வருஷக்கணக்கா ஸ்காட்டுக்குக் கதவு திறக்கலை.

1961ல் நாஸ்காரின் உச்சப் பிரிவுக்கு வந்துட்டார். பெரிய ஸ்பான்சர் யாரும் கிடையாது. அடுத்தவங்க கழிச்ச கார், பழைய பாகங்கள். ஓட்டுநரும் அவரே, மெக்கானிக்கும் அவரே, உதவிக்கு அவர் பிள்ளைங்க. இந்த நிலைமையில் 1966ல் மொத்தப் புள்ளியில் 6வது இடம் வந்தார்னா பார்த்துக்கோங்க.

இப்போ 1963. அந்த ஜூன் 10ம் தேதி, டான்வில்லில் உரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பின மக்களைத் தடியாலும் தீயணைப்புக் குழாய்த் தண்ணியாலும் அடிச்சுக் கலைச்சாங்க. 'ரத்தத் திங்கள்'னு இன்னைக்கும் அதுக்குப் பேர். ஆகஸ்ட் 28ல் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசின மாபெரும் பேரணி. நவம்பர் 22ல் கென்னடி கொலை. சரியா ஒன்பது நாள் கழிச்சு, டிசம்பர் 1, ஃப்ளோரிடாவில் ஜாக்சன்வில்.

அரை மைல் மண் தடம், 200 சுற்று. நெட் ஜாரட்டிடம் வாங்கின பழைய செவர்லேயில் ஸ்காட், எண் 34. இன்னும் 25 சுற்று இருக்கும்போது, வண்டி மக்கர் பண்ணிக்கிட்டிருந்த ரிச்சர்ட் பெட்டியைத் தாண்டி முன்னால் போயிட்டார். பெட்டி யாருன்னா, பின்னாளில் 200 ரேஸ் ஜெயிச்ச மகாராஜா. ஸ்காட் விடாம ஓட்டி முடிச்சார். ஆனா ஜெயிச்சவர் பக் பேக்கர்னு அறிவிச்சாங்க. கோப்பை அவருக்கு, கைதட்டல் அவருக்கு, அழகு ராணியின் முத்தமும் அவருக்கு.

ஸ்காட் போய் முறையிட்டார். சுற்றுக் கணக்கைத் திரும்பப் பார்த்தாங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சு, ஆமாம், ஸ்காட்தான் முதல்னு ஒத்துக்கிட்டாங்க. அதுவும் மத்த எல்லாரையும் விட ரெண்டு சுற்று முன்னால்! அதுக்குள்ள ஜனம் வீட்டுக்குப் போயாச்சு. பேக்கர் கோப்பையோட கிளம்பியாச்சு. ஸ்காட் கைக்கு வந்தது பரிசுப் பணம் மட்டும்.

கையால் கணக்கு எழுதின காலம், ஒரு சுற்று விட்டுப்போறது சகஜம்தான்னு ஒரு வாதம் இருக்கு. ஒரு சுற்றுன்னா நானும் சரின்னுடுவேன். ரெண்டு சுற்று முன்னால் போற ஆளையே கண்ணுக்குத் தெரியலைன்னா என்ன சொல்றது? ஸ்காட் சொன்ன காரணம் நேரடியானது: வெள்ளைக்காரப் பெண் மேடையில் ஒரு கறுப்பருக்கு முத்தம் கொடுக்கிறதை அந்தக் கூட்டம் பார்க்கக் கூடாதுன்னு நினைச்சாங்க. எனக்கு இதுதான் பொருத்தமா படுது.

மார்ட்டின்ஸ்வில்லில் நாங்க பார்த்த ரேஸில் இதுக்கு நேர் எதிரா ஒண்ணு நடந்தது. தடம் பேப்பர் கிளிப் மாதிரி வளைஞ்ச அரை மைல், உக்காந்த இடத்தில் இருந்தே முழுசா தெரியும். காதில் பஞ்சு வைக்காட்டி செவிடுதான். கடைசிச் சுற்று, பத்தாவது இடத்தில் இருந்த ராஸ் சாஸ்டெயின் பிரேக்கே போடாம, வெளிச் சுவரில் காரை ஒட்டித் தேய்ச்சுக்கிட்டே அஞ்சு காரைத் தாண்டிட்டார். வீடியோ கேமில் சின்னப் பசங்க பண்ற வேலை. 19 வினாடிக்குள்ள ஒரு சுற்று. எல்லாரும் வாயைப் பிளந்து நிக்கும்போதே யார் எத்தனையாவதுன்னு பலகையில் வந்துடுச்சு. "இந்த மெஷின் 1963ல் இருந்திருந்தா?"ன்னு கேட்டேன். "மெஷின் சரியாத்தான் காட்டியிருக்கும் தம்பி, பலகையை அணைச்சிருப்பாங்க"ன்னார் மதுரைக்காரர்.

1973ல் டாலடேகாவில் இருபது கார் கிட்ட மோதிக்கிட்ட விபத்தில் ஸ்காட்டுக்குப் பலத்த அடி. அதோட அவர் ஓட்டம் கிட்டத்தட்ட முடிஞ்சது. 1990 டிசம்பர் 23ல் இறந்துட்டார். 2015ல் நாஸ்கார் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கொடுத்தாங்க. 2020ல் நாஸ்கார் மைதானங்களில் கான்ஃபெடரேட் கொடிக்குத் தடை வந்தது. தேதி ஜூன் 10. டான்வில் ரத்தத் திங்களுக்குச் சரியா 57 வருஷம். அன்னைக்கு ராத்திரி ரேஸ் நடந்த இடம், டான்வில்லுக்குப் பக்கத்து ஊரான மார்ட்டின்ஸ்வில். கொரோனாவால் ஜனமே இல்லாத மைதானத்தில் புப்பா வாலஸ் கறுப்பு நிறக் காரில் ஓட்டினார். தற்செயல்தான். இருந்தாலும் சிலிர்க்குது.

2021 ஆகஸ்ட் 28ல், ஸ்காட்டின் 100வது பிறந்த நாளுக்கு முந்தின நாள், டேடோனாவில் அவர் குடும்பத்துக்கு நாஸ்கார் அந்தக் கோப்பையைக் கொடுத்தது. அதே அக்டோபர் 4ல் டாலடேகாவில் புப்பா வாலஸ் ஜெயிச்சார். உச்சப் பிரிவில் ரெண்டாவது கறுப்பின வெற்றியாளர். நடுவில் 58 வருஷம்.

ஸ்காட் கணக்கு: 495 ரேஸ், 1 வெற்றி. அந்த 1 அன்னைக்கு ராத்திரியே ஏட்டில் ஏறிடுச்சு, அதை யாரும் மறைக்கலை. 'கணக்கைத் திருத்திட்டோமே, அப்புறம் என்ன?'ன்னு ரொம்ப காலம் சொல்லிக்கிட்டிருந்தாங்க. ஜெயிச்சவன் ஜனத்துக்கு முன்னாடி நிக்கிற அந்த அஞ்சு நிமிஷத்தை எந்த ஏட்டில் எழுத முடியும்? கோப்பையைப் பிள்ளைங்க கையில் கொடுத்துட்டாங்க. அந்தக் கைதட்டலைக் கேக்க வேண்டியவர் போய் 30 வருஷத்துக்கு மேல ஆயிருந்தது.

பி.கு.: ஸ்காட் கதையை வெச்சு 1977ல் 'க்ரீஸ்டு லைட்னிங்'னு ஒரு படம் வந்தது, ரிச்சர்ட் ப்ரையர் நடிச்சது. நேரம் கிடைச்சா பாருங்க.