இயந்திரமும் தோளும்

சிலாங்கூர்த் தோட்டங்களில் நம்மவர் சீவிய பால், ரப்பர்க் கட்டுகளாகிக் கடல் கடந்த வழி கிள்ளான் துறைமுகம். 1901-இல் திறக்கப்பட்ட இது, 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்டது. அங்கே மூட்டை சுமந்து பிழைத்தவர்களில் தமிழர் பலர். ஒரு கப்பலுக்குச் சரக்கேற்றப் பலர் சேர்ந்து பல நாள் பாடுபடுவார்கள்.

1973-இல் அங்குக் கொள்கலன் முனையம் வந்தது. கொள்கலன் என்பது பெரிய இரும்புப் பெட்டி. சரக்கை ஆலையிலேயே அதில் அடைத்துப் பூட்டிவிடுவார்கள். துறைமுகத்தில் பாரந்தூக்கி அதை அப்படியே தூக்கிக் கப்பலில் வைக்கும். தோளுக்கு வேலை குறைந்தது.

இதைத் தனி மனிதர் தடுத்திருக்க முடியுமா? ஒருவர் மறுத்தால் அவர் இடத்திற்கு வேறொருவர் வருவார். துறைமுகமே மறுத்தால் கப்பல் சிங்கப்பூருக்குப் போகும்; அங்கே 1972-லேயே கொள்கலன் முனையம் இயங்கத் தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் 1811-இல் நெசவுத் தொழிலாளர் இயந்திரங்களை உடைத்தனர். மறு ஆண்டே அக்குற்றத்திற்கு மரண தண்டனை விதிக்கச் சட்டம் வந்தது. இயந்திரமோ நிற்கவில்லை.

அப்படியானால் கைகட்டி நிற்பதுதான் வழியா? இல்லை. அமெரிக்காவின் மேற்குக் கரைத் துறைமுகங்களில், ஹாரி பிரிட்ஜஸ் தலைமையிலான தொழிற்சங்கம் 1960-இல் ஓர் ஒப்பந்தம் செய்தது. இயந்திரம் வரலாம், ஆனால் பதிவு பெற்ற தொழிலாளரை நீக்கக் கூடாது, இலாபத்தில் பங்காக, முதலாளிகள் ஐந்தரை ஆண்டுகளில் சுமார் 2 கோடியே 90 இலட்சம் டாலர் நிதி தர வேண்டும். முன்கூட்டி ஓய்வு பெற்றவர்களுக்கும் அதிலிருந்து பணம் கிடைத்தது. பதிவில்லாதவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்பதையும் மறக்கலாகாது.

1986-இல் கிள்ளான் கொள்கலன் முனையம் தனியார் வசமாயிற்று. அப்போது, ஒழுங்கு நடவடிக்கை தவிர வேறு காரணத்தால் ஐந்தாண்டுகளுக்கு யாரையும் ஆட்குறைப்புச் செய்யக் கூடாது என்பது நிபந்தனை. ஐந்தாண்டு என்பது ஆயுட்காலம் அல்ல. ஆயினும் வேறு தொழில் கற்கவும், பிள்ளைகளைப் படிக்க வைக்கவும் அது அவகாசம்.

இன்று செம்பனைக் குலை வெட்டவும் மோட்டார்க் கத்தி வந்திருக்கிறது. அதை இயக்கக் கற்பிக்கப்படுபவர் யார்? மிச்சமாகும் கூலியில் தொழிலாளிக்குப் பங்கு உண்டா? இவற்றை இயந்திரம் வருமுன்பே, சங்கத்தின் வழியாகக் கேட்க வேண்டும். தனிக் குரலால் இயந்திரத்தை நிறுத்த முடியாது. கூடிய குரலால் அது வரும் முறையை மாற்ற முடியும்.