காட்டில் விழுந்தவன் கையில் எந்தத் துப்பாக்கி?



துப்பாக்கி என்றதும் நம் மாணவர்களின் நினைவுக்கு வருவது போர்க்களம். ஆனால், வானிலிருந்து ஆளில்லாக் காட்டில் விழுந்தவன் மீட்புக் குழு வரும்வரை உயிரோடிருக்க வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்ட துப்பாக்கிகளும் உள. அவற்றின் வரலாறு சிறியதுதான். எனினும், ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது யாருடைய சொல்லைக் கேட்க வேண்டும் என்ற கேள்வி அதில் அடங்கியுள்ளது.

இரண்டாம் உலகப் போரின்போது செருமானிய வான்படை, வட ஆப்பிரிக்காவில் பறந்த தன் வானோடிகளுக்கு மூன்று குழல் கொண்ட வேட்டைத் துப்பாக்கியை வழங்கியது. சவர் நிறுவனம் செய்த அது மிக நேர்த்தியான கைவேலை. அதை அலுமினியப் பெட்டியில் வைத்து வானூர்தியில் ஏற்றினார்கள். எடையோ 3 கிலோவுக்கு மேல். எரியும் வானூர்தியிலிருந்து குதிப்பவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டா குதிப்பான்? அழகைப் பார்த்தவர்கள் இந்த ஒன்றை எண்ணிப் பார்த்தார்களா என்பது ஐயமே.

அமெரிக்க வான்படை வேறு வழியில் சிந்தித்தது. 1940களின் இறுதியில் வந்த எம்-4, அதன்பின் வந்த எம்-6 ஆகிய இரண்டும் இருக்கைப் பையில் அடங்கும் அளவுக்குச் சிறியவை. எம்-6 துப்பாக்கிக்கு ஒன்றன்மேல் ஒன்றாக இரு குழல்கள். மேற்குழல் 0.22 அங்குலத் தோட்டாவுக்கு; கீழ்க்குழல் பறவை சுடும் ரவைத் தோட்டாவுக்கு. இரண்டாக மடிக்கலாம். அடிக்கட்டையிலேயே 9 சிறு தோட்டாக்களும் 4 ரவைத் தோட்டாக்களும் செருகி வைக்க இடமுண்டு. அதன் விசைதான் எனக்கு மிகவும் பிடித்தது. விரல் நுழையும் வளையம் அதில் இல்லை, அகன்ற தகடுதான். தடித்த கம்பளிக் கையுறை அணிந்தவனும் உள்ளங்கையால் அழுத்திச் சுடலாம். குளிரில் விரல் விறைத்த நிலையை எண்ணிப் பார்த்த ஒருவரால்தான் இப்படி வடிவமைக்க முடியும்.

அடுத்து, ஆர்மலைட் நிறுவனத்தில் பணியாற்றிய யூஜின் ஸ்டோனர் ஏ.ஆர்.-7 என்னும் துப்பாக்கியை 1950களின் இறுதியில் உருவாக்கினார். ஏறத்தாழ 1.25 கிலோ எடை. குழலையும் பிற பகுதிகளையும் கழற்றி அடிக்கட்டைக்குள்ளேயே வைத்து மூடிவிடலாம்; நீரில் விழுந்தாலும் மிதக்கும். 1963இல் வந்த ஜேம்ஸ் பாண்டு திரைப்படம் ஒன்றிலும் அது தலைகாட்டியது.

சிறு தோட்டாவை ஏன் விரும்பினர்? ஒரு பெரிய தோட்டாவின் எடைக்குப் பல சிறு தோட்டாக்களை எடுத்துச் செல்லலாம். முயலையும் காட்டுக்கோழியையும் பெரிய தோட்டாவால் சுட்டால் உண்ண ஒன்றும் மிஞ்சாது. ஆக, அமெரிக்கர்கள் பசியை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் கரடி எதிரே வந்து நின்றால் இந்தச் சிறு தோட்டாவை நம்ப முடியாது.

அந்த அச்சத்தை நேரில் உணர்ந்தவர் உருசிய விண்வெளி வீரர் அலெக்சி லியோனவ். 1965 மார்ச் 18ஆம் நாள் உலகில் முதன்முதலாக விண்கலத்துக்கு வெளியே சென்று ஏறக்குறைய 12 நிமிடம் மிதந்தவர் அவரே. அது எல்லாருக்கும் தெரியும். மறுநாள் நிகழ்ந்ததைப் பாடநூல்கள் சொல்வதில்லை. தானியங்கித் தரையிறக்கக் கருவி பழுதானதால், அவரும் பாவெல் பெலியாயெவும் கையால் இயக்கிக் கலத்தை இறக்க நேர்ந்தது. குறித்த இடத்தைத் தாண்டி 386 கிலோமீட்டர் தொலைவில், பெர்ம் நகருக்கு வடக்கே, பனி மூடிய தைகா காட்டில் கலம் விழுந்தது.

ஓநாயும் கரடியும் வாழும் காடு. அவை இணைசேரும் பருவம் வேறு. இருவரிடமும் இருந்தது ஒரு கைத்துப்பாக்கி மட்டுமே. ஓநாய்க் கூட்டம் அவர்களைச் சூழ்ந்து தாக்கியதாக எழுதுவோர் உளர். வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் வாய்பிளந்து கேட்பார்கள். ஆனால் லியோனவ் விலங்குகளை அஞ்சியதாகச் சொன்னாரேயன்றி, விலங்குகளோடு போராடியதாகச் சொல்லவில்லை. அவர்களை உண்மையில் வாட்டியது குளிர். விண்வெளி உடைக்குள் வியர்வை தேங்கிக் கால்கள் நனைந்திருந்தன. உள்ளாடைகளைக் கழற்றிப் பிழிந்து மீண்டும் உடுத்தினார்கள். அடர்ந்த மரங்களால் உலங்கூர்தி இறங்க இயலவில்லை. மேலிருந்து கம்பளிக் காலணிகளையும் கோடரியையும் போட்டார்கள். மறுநாள் பனிச்சறுக்குக் கட்டைகளில் வந்த மீட்புக் குழுவினர் மரம் வெட்டிக் குடில் அமைத்தனர், தீ மூட்டினர். மூன்றாம் நாள் அனைவரும் 9 கிலோமீட்டர் சறுக்கிச் சென்று உலங்கூர்தி ஏறினர்.

காப்பாற்றியவை கோடரியும் நெருப்பும் சறுக்குக் கட்டையும். ஆனால் மனத்தில் தங்கிவிட்டது அந்தச் சிறிய கைத்துப்பாக்கியின் போதாமை. பிற்காலத்தில் லியோனவ் இதை வலியுறுத்தவே, தூலா நகரப் படைக்கலத் தொழிலகத்தில் டி.பி.-82 உருவாயிற்று. 1986 முதல் சோயுசு கலங்களின் உயிர்காப்புப் பெட்டியில் அது இடம்பெற்றது. அதற்கும் மூன்று குழல்கள்: மேலே இரண்டு 12.5 மில்லிமீட்டர் குழல்கள், கீழே முறுக்குவரி இட்ட 5.45 மில்லிமீட்டர் குழல். பறவைக்கு ரவை, பெரிய விலங்குக்குத் தோட்டா, மீட்போர் கண்ணில்படச் செந்நிற ஒளிக்குண்டு. அடிக்கட்டையைக் கழற்றினால் அதுவே வெட்டுக்கத்தி! எல்லாம் சேர்த்து 2.4 கிலோ.

அந்த 5.45 தோட்டா சினங்கொண்ட கரடிக்குப் போதுமா என்பதில் எனக்கு முழு நம்பிக்கையில்லை. ஆயினும் கோடரியின் வேலையைச் செய்யும் கத்தியும், ஒளிக்குண்டும் அதில் சேர்ந்ததே பெரிய செய்தி. அவற்றின் தேவையை அறிந்தவர், மேசையருகே இருந்து கணக்குப் போட்டவரல்லர். தைகாவில் இரண்டு இரவுகள் நடுங்கியவர்.

2007ஆம் ஆண்டு வரை டி.பி.-82 விண்வெளிக்குச் சென்று வந்தது. பின்னர் அதன் இடத்தில் சாதாரணக் கைத்துப்பாக்கி வைக்கப்பட்டது. அமெரிக்க வான்படையும் 2018இல் தன் வானோடிகளின் இருக்கைக்குள் வைத்த புதிய துப்பாக்கியை முயலுக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை; எதிரி நிலத்தில் விழுந்தவன் மனிதரிடமிருந்து தற்காத்துக்கொள்ளவே தேர்ந்தெடுத்தது.

நம் மலேசியரான சேக் முசாபர் சுக்கோர் விண்ணிலிருந்து திரும்பியதும் அதே 2007இல்தான். அக்டோபர் 21ஆம் நாள் அவரையும் இரு உருசியரையும் ஏற்றி வந்த சோயுசு கலம் இயல்பைவிடச் செங்குத்தான பாதையில் இறங்கி, குறித்த இடத்துக்கு ஏறக்குறைய 340 கிலோமீட்டர் முன்னதாகவே கசக்சுதான் புல்வெளியில் விழுந்தது. இம்முறை காடில்லை, பனியில்லை. மீட்புக் குழு விரைவில் வந்து சேர்ந்தது.