நத்தைக்கு ஒரு கல்லறை

அமெரிக்காவின் தெற்கே மிஸிஸிப்பி என்று ஒரு மாநிலம், பருத்திக்குப் பெயர்போனது. அங்கே பாரஸ்ட் என்று ஒரு சிற்றூர். அந்த ஊரிலிருந்து பத்து மைல் தள்ளி, 1940களில், ஒரு விவசாயியின் நிலத்தில் விசித்திரமான இடுகாடு ஒன்று இருந்தது. அங்கே அடக்கமாகியிருந்தவை செத்த குருவிகள், பூச்சிகள், நத்தைகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஓர் அடையாளப் பலகை. பலகையில் முதலில் மனிதருக்கு வைப்பது போல ஒரு பெயர். நடுவில் அது இன்ன பிராணி என்ற விவரம். கடைசியில் அந்த விவசாயியின் குடும்பப் பெயரான லூயிஸ். ஆக, நத்தையும் லூயிஸ் வம்சம், பூச்சியும் லூயிஸ் வம்சம். பிறந்த தேதி தெரியாது என்று எழுதியிருக்கும். இறந்த தேதிக்கு, அது கண்டெடுக்கப்பட்ட தேதி.

எழுதியவன் பத்துப் பதினோரு வயதுப் பையன். பெயர் டொனால்ட் டிரிப்ளெட். ஆட்டிசம் என்று இன்று நாம் சொல்கிறோமே, அதைத் தனியாக இனம் பிரித்து டாக்டர் லியோ கானர் 1943-ல் எழுதிய கட்டுரையில் முதல் எண் பெற்ற குழந்தை அவன். நம் பத்திரிகைகள் இதற்கு மதியிறுக்கம் என்று பெயர் வைத்திருக்கின்றன. சொல்லை உண்டாக்கியவர் நல்லெண்ணத்தோடுதான் உண்டாக்கியிருப்பார். ஆனால் மதி எங்கே இறுகிவிட்டது? நத்தைக்குக் கோத்திரம் கொடுத்த மதி அது. நான் ஆட்டிசம் என்றே எழுதிவிட்டுப் போகிறேன்.

டொனால்ட் 1933-ல் பிறந்தவன். தகப்பனார் யேல் சர்வகலாசாலையில் சட்டம் படித்த வக்கீல். தாயார் மேரி, உள்ளூர் பாங்கை நடத்திய குடும்பத்துப் பெண். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவர். குழந்தைக்கு இரண்டரை வயதாகும்போதே பைபிளின் 23-வது சங்கீதம் மனப்பாடம். எழுத்துக்களை முன்னிருந்து பின்னும், பின்னிருந்து முன்னும் ஒப்பிப்பான். ஆனால் அம்மா அறைக்குள் வந்தால் திரும்பிப் பார்க்கமாட்டான். பாத்திரங்களைத் தரையில் பம்பரமாகச் சுழலவிட்டு அதிலேயே லயித்திருப்பான். சுழல்வதை யாராவது நிறுத்தினால் வீடு இரண்டுபடும். கனடாவில் 1934-ல் ஒரே பிரசவத்தில் ஐந்து பெண் குழந்தைகள் பிறந்தது உலகப் பிரசித்தம். அந்த ஐவரின் பெயர்களைத் தன் வர்ணப் புட்டிகளுக்குச் சூட்டியிருந்தான். நீலம் ஆனெட், சிவப்பு செஸீல். ஆனெட்டும் செஸீலும் சேர்ந்தால் ஊதா என்பான். கேட்டவர்களுக்குப் பிதற்றல். எனக்கென்னவோ, வர்ண சாஸ்திரத்தில் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

அந்தக் காலத்து வைத்தியர்கள் அறிந்த மருந்து ஒன்றே ஒன்று: அனுப்பிவிடுங்கள், மறந்துவிடுங்கள். 1937-ல், நான்கு வயது நிறைவதற்குள், காசநோய் அண்டக்கூடிய குழந்தைகளுக்கென்று கட்டியிருந்த ஒரு விடுதியில் டொனால்டைக் கொண்டுபோய் விட்டார்கள். பெற்றோர் மாதம் இரண்டு முறை பார்க்கலாம். அங்கே அவன் எதையும் கவனிக்காமல், அசையாமல் உட்கார்ந்திருந்தான். வருஷம் ஒன்று ஆவதற்குள் தாயும் தகப்பனும் மனம் பொறுக்காமல் திருப்பி அழைக்கப் போனபோது, விடுதித் தலைவருக்கு அது பிடிக்கவில்லை. இங்கே நன்றாகத்தானே இருக்கிறான், விட்டுவிடுங்கள் என்றார். ஒரு வருஷ காலத்து விவரத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டதற்கு அவர் தந்தது அரைப் பக்கம். ஏதோ சுரப்பிக் கோளாறாக இருக்கலாமாம்.

தகப்பனார் தாமே எழுத உட்கார்ந்தார். குமாஸ்தாவிடம் சொல்லச் சொல்ல, தட்டெழுத்தில் நெருக்கமாக 33 பக்கம். பையன் என்ன தின்றான், எதற்கு அழுதான், எந்தச் சொல்லை எந்த அர்த்தத்தில் சொன்னான் என்று ஒன்று விடவில்லை. அதை பால்டிமோர் நகரத்துக்கு, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலிருந்த கானருக்கு அனுப்பிவிட்டு, 1938 அக்டோபரில் மகனோடு ரயிலேறினார்கள்.

கானர் பழைய ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தில் பிறந்து, 1924-ல் அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தவர். நல்ல கண் உள்ள டாக்டர். எதிரே இருப்பது எந்தப் புத்தகத்திலும் அடங்காத குழந்தை என்பதை உணர்ந்தார். பெயர் சொல்ல அவசரப்படாமல் ஐந்து வருஷம் காத்திருந்து, எட்டு ஆண், மூன்று பெண், ஆகப் பதினோரு குழந்தைகளை வைத்து எழுதினார். இது பிறவியிலேயே வருவது என்றுதான் முடித்தார். ஆனால் அதே கட்டுரையில் இன்னொன்றும் சொன்னார். பெற்றோர்கள் எழுதி அனுப்பிய நீளமான குறிப்புகளே அவர்களுடைய மனப்போக்குக்குச் சாட்சி என்றார். பிள்ளையைப் பற்றி அரைப் பக்கம் எழுதியவர் ஆரோக்கியசாலி, 33 பக்கம் எழுதியவர் நோயாளி என்றால் அது என்ன நியாயமோ! அந்த 33 பக்கம் இல்லாவிட்டால் அவர் கட்டுரையில் முதல் குழந்தையின் கதை எங்கே?

அந்த ஒரு வரியிலிருந்து விஷச்செடி ஒன்று முளைத்தது. தாயின் மனம் குளிர்ந்து உறைந்ததால்தான் பிள்ளை இப்படி ஆயிற்று என்ற பேச்சு 1950களில் மேல்நாடெங்கும் பரவிற்று. குளிர்ப்பெட்டித் தாய்மார் என்று பட்டமே கட்டினார்கள். 1967-ல் புருனோ பெட்டல்ஹைம் இந்தக் கட்சியைப் பேசிப் பெரிய புத்தகம் போட்டார்; அமோகமாக விற்றது. அதற்கு மூன்று வருஷம் முன்பே, பெர்னார்ட் ரிம்லண்ட் என்கிற மனோதத்துவ அறிஞர், தாமே இப்படிப்பட்ட ஒரு மகனுக்குத் தகப்பன், ஆதாரங்களோடு மறுத்து எழுதியிருந்தார். 1969-ல் பெற்றோர் சங்கத்தின் கூட்டம் ஒன்றில் கானர் எழுந்து, உங்கள் மேல் குற்றமில்லை என்று விடுதலை செய்தார். இருபது வருஷம் குற்றவாளிக் கூண்டில் நின்ற தாய்மாருக்கு அந்தத் தீர்ப்பு கொஞ்சம் தாமதம்தான்.

இத்தனை வாதங்களுக்கும் வெளியே, ஒரு புத்தகமும் படிக்காமல், லூயிஸ் தம்பதி இருந்தார்கள்.

டொனால்ட் திரும்பி வந்தபின் தாயார் உள்ளூர்ப் பள்ளியில் சேர்த்துப் பார்த்தார். முதல் நாள் உபாத்தியாயினிக்கு உயிர் போய்விட்டது; நாளாக நாளாகச் சற்றுச் சமாளித்தான். ஆனால் வீட்டில் வைத்து ஆளுவது கஷ்டமாயிற்று. 1942-ல், ஒன்பதாம் பிராயத்தில், லூயிஸ் வீட்டில் தங்க ஏற்பாடாயிற்று. 1945 மே மாதம் கானர் அங்கே நேரில் போய்ப் பார்த்தார், பார்த்து வியந்தார். அவர் எழுதி வைத்ததால்தான் நமக்கு அந்த இடுகாடு தெரியும்.

பையனுக்கு அளக்கிற பைத்தியம். அளக்காதே என்று விவசாயி சொல்லவில்லை. ஒரு கிணறு வெட்டச் சொல்லி, ஆழம் எவ்வளவு என்று வந்து சொல் என்றார். செத்த பூச்சிகளைச் சேர்த்து வைத்தான். தூக்கி எறியாமல், புதைக்க இடம் ஒதுக்கிக் கொடுத்தார். சோள வரிசைகளை எண்ணினான், மறுபடி எண்ணினான், மறுபடியும் எண்ணினான். சரி, உழுதுகொண்டே எண்ணு என்று ஏரைக் கையில் கொடுத்துவிட்டார். கானர் பார்த்துக்கொண்டிருக்க, டொனால்ட் ஆறு நீண்ட சால் உழுதான்; குதிரையைக் கடைசியில் லாகவமாகத் திருப்பினான். பக்கத்துக் கிராமப் பள்ளிக்கும் போய்வந்தான். அங்கே அவன் விநோதங்களை யாரும் பெரிதுபடுத்தவில்லை, படிப்பும் ஏறியது.

எண்ணுவது நிற்கவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எண்ணிக்கைக்குப் பின்னால் ஒரு ஏர் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். எண்ணுவதை நிறுத்துவதற்காகக் குழந்தையை அடித்த வாத்தியார்களை நானே பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் நல்லெண்ணம்தான்.

1971-ல் கானர் தம் பதினோரு குழந்தைகளும் என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்த்தார். அரசாங்க மனநோய் விடுதிகளில் வருஷக்கணக்காக விடப்பட்டவர்கள், குழந்தையாக இருந்தபோது காட்டிய அபார ஞாபக சக்தியைக் கூட இழந்து, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அனுமதிச் சீட்டு ஆயுள் தண்டனைக்குச் சமம் என்ற பொருளில் எழுதினார். நன்றாக இருந்தவர்கள் மிகச் சிலரே. அவர்களில் ஒருவன் டொனால்ட்.

இங்கே ஒன்றை மறைத்தால் கதை பொய்யாகிவிடும். டொனால்டுக்குப் பின்னால் பணம் இருந்தது; பாங்கு இருந்தது; நிற வேற்றுமை தலைவிரித்தாடிய மிஸிஸிப்பியில் வெள்ளைத் தோல் இருந்தது. அதே ஜில்லாவில் பருத்தி பொறுக்கிய கறுப்பினத்தாய் ஒருத்திக்கு இப்படி ஒரு பிள்ளை பிறந்திருந்தால், பால்டிமோருக்கு ரயில் கட்டணம் யார் கொடுப்பார்? இயலாமை உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் பள்ளியில் இடம் தந்தாக வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது 1975-ல்தான். அப்போது டொனால்டுக்கு நாற்பது தாண்டிவிட்டது.

அவன் - இனி அவர் என்று சொல்ல வேண்டும் - மில்ஸாப்ஸ் காலேஜில் பிரெஞ்சு படித்து 1958-ல் பட்டம் பெற்றார். ஊர் பாங்கில் குமாஸ்தா உத்தியோகம் பார்த்தார். இருபத்தேழாம் வயதில் கார் ஓட்டக் கற்றார். கோல்ப் ஆடினார். தனியாகப் பல தேசங்கள் சுற்றினார். 1980களில் தாய் தகப்பனார் போனபின்னும் அதே வீட்டிலேயே இருந்தார். ஊர்க்காரர்கள் அவரைக் கண்காணித்துக்கொண்டார்கள். அவர் அவர்களுக்கு நம்பர் கொடுத்தார். தெரிந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர், எத்தனை வருஷம் கழித்துக் கண்டாலும் அதே நம்பர். 2023 ஜூன் மாதம், எண்பத்தொன்பதாம் வயதில் காலமானார்.

ஊரில் அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. ஹைஸ்கூலில் படித்தபோது, சில பையன்கள் பள்ளிக் கட்டடத்தைக் காட்டி, இதில் எத்தனை செங்கல் என்று கேட்டார்களாம். டொனால்ட் ஒரு பார்வை பார்த்துவிட்டு எண்ணிக்கையைச் சொல்லிவிட்டான். ஊரே அசந்து போயிற்று. ஐம்பது வருஷத்துக்கு மேல் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கிழவரான பிறகு, இரண்டு பத்திரிகைக்காரர்கள் தேடி வந்து அதைப் பற்றிக் கேட்டார்கள். செங்கல்லை எண்ணவே இல்லை, வாயில் வந்த எண்ணைச் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டார். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்றதற்கு, அந்தப் பையன்கள் தம்மை மதிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதாகச் சொன்னார்.