குப்பைக்கு ஒரு பேரேடு

கடற்கரையில் பத்துப் பேர் குனிந்து குப்பை பொறுக்குவதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? 'பாவம், நல்ல மனசுக்காரங்க. ஆனா நாளைக்கே மறுபடி சேர்ந்துடுமே!' என்றுதானே? நானும் அந்தக் கட்சிதான். குப்பையைப் பொறுக்கியதோடு நிற்காமல், எண்ணவும் சொன்ன இரண்டு பெண்களின் கதையைப் படிக்கும்வரை!

அதற்கு முன்னால் ஒரு குட்டிக் கதை. அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஆரிகன் மாநிலம். அங்கே மீன், வனவிலங்குத் துறையில் வேலை பார்த்தவர் ஜூடி நீல்சன். கடல்வாழ் உயிர்களை பிளாஸ்டிக் என்ன பாடு படுத்துகிறது என்று ஒரு பத்திரிகைக் கட்டுரையில் படித்தார். நாமென்றால் உச்சுக் கொட்டிவிட்டு அடுத்த பக்கம் புரட்டியிருப்போம். அவர் ஊரைக் கூட்டினார். 1984 அக்டோபர் 13 அன்று 2,100 பேர் வந்தார்கள். மூன்றே மணி நேரத்தில் 26 டன் குப்பை!

இப்போது டெக்சாஸுக்கு வாருங்கள். வாஷிங்டனிலிருந்து அங்கே குடிபெயர்ந்தவர் லிண்டா மரானிஸ். சுற்றுச்சூழல் கல்வி மையம் என்ற அமைப்பில் வேலை. (பின்னாளில் 'ஓஷன் கன்சர்வன்சி' என்று பெயர் மாறியது இதுதான்.) டெக்சாஸ் கரையைப் பார்த்து அவருக்குத் தலை சுற்றியது. பக்கத்தில் ஊரே இல்லாத மணல்வெளியில்கூட டப்பாவும் கயிறுமாகக் குவிந்து கிடந்தன. மெக்சிகோ வளைகுடாவின் நீரோட்டங்கள் மிதப்பதையெல்லாம் இழுத்து வந்து அங்கே கொட்டிவிடும்.

1986 செப்டம்பர். மாநில நில நிர்வாகத்தின் தலைவர் கேரி மௌரோவும் கை கொடுக்க, 2,800 பேர் திரண்டார்கள். 122 மைல் கரை... 124 டன் குப்பை. அடேங்கப்பா!

ஆனால் விஷயம் டன்னில் இல்லை. கடலில் சேரும் பிளாஸ்டிக்கைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த கேத்தி ஓஹாரா, லிண்டாவின் சக ஊழியர். இருவரும் சேர்ந்து வந்தவர்களிடம் ஓர் அட்டையையும் கொடுக்க வைத்தார்கள். எது கிடைத்தாலும் அதில் குறித்துவிட்டுத்தான் பையில் போடணும். பாட்டில் இத்தனை, கயிறு இத்தனை, மூடி இத்தனை.

பி.காம். படித்த எனக்கு இந்த இடத்தில் எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. வவுச்சர் இல்லாத செலவை எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார், சொல்லுங்கள்!

அதுவரை எல்லோரும் ஒரே பல்லவிதான் பாடிக்கொண்டிருந்தார்கள். 'பீச்சுக்கு வர்ற ஜனங்க போடறதுங்க!' கணக்கு வேறு கதை சொன்னது. அந்தக் கரையில் சிக்கிய ஒரு பொருள், கம்ப்யூட்டர் டேப்பில் மாட்டும் பிளாஸ்டிக் வளையம். சுண்டல் சாப்பிட வருகிறவர் அதை ஏன் கொண்டுவரப் போகிறார்? கடலடியில் எண்ணெய் தேடி ஆய்வு செய்யும் கப்பல்களில் புழங்கிய சரக்கு அது. வெளிநாட்டு லேபிள் ஒட்டிய டப்பாக்கள் வேறு. திருடன் முகவரியை எழுதிவைத்துவிட்டுப் போன மாதிரி!

கப்பல்கள் கடலில் குப்பை கொட்டுவதைத் தடுக்க 'மார்போல்' ஒப்பந்தத்தில் ஐந்தாவது இணைப்பு என்று ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. உலகக் கப்பல் கொள்ளளவில் பாதியை வைத்திருக்கும் நாடுகள் கையெழுத்திட்டால்தான் அமலுக்கு வரும். 1987 கடைசியில் அமெரிக்கா சேர்ந்தது, தராசு சாய்ந்தது. 1988 டிசம்பர் 31 முதல் எந்தக் கடலிலும் கப்பலிலிருந்து பிளாஸ்டிக் கொட்டக் கூடாது.

சுபமா? அவசரப்படாதீர்கள். பிளாஸ்டிக்குக்குத்தான் தடை. கண்ணாடி, தகரம், காகிதத்தைக் கரையிலிருந்து தள்ளிப் போய்க் கொட்ட அனுமதி இருந்தது. அதையும் நிறுத்த, மெக்சிகோ வளைகுடாவையும் கரீபியக் கடலையும் 'சிறப்புப் பகுதி'யாக 1991-ல் அறிவித்தார்கள். அமலுக்கு வந்தது எப்போது தெரியுமா? 2011 மே மாதம்! இருபது வருஷம். கொட்டாதே என்று கப்பலிடம் சொன்னால், 'சரி, எங்கே இறக்கி வைக்கட்டும்?' என்று அது கேட்குமே. குப்பையை வாங்கிக்கொள்ளத் துறைமுகங்களில் வசதி வேண்டும். அதற்குத்தான் அத்தனை காலம்.

அந்த அட்டை மட்டும் நிற்கவே இல்லை. 1989-ல் கனடாவும் மெக்சிகோவும் சேர, சர்வதேச முகாமாகிவிட்டது. வருஷா வருஷம் செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை, நம் ஊர்க் கரைகளிலும் நடக்கிறது. பல காலம் பட்டியலில் முதலிடம் சிகரெட் துண்டுக்குத்தான். 2019 கணக்கில் அதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது, தின்பண்ட உறை. எண்ணிக்கை 47 லட்சம்.

இந்தத் தடவை முகவரி, கப்பலுடையது இல்லை.