ரயில்களை நிறுத்திய கண்ணுக்குத் தெரியாத இரைச்சல்... உங்கள் மின்சுற்றும் இப்படிச் செய்யலாம்!

2016ஆம் ஆண்டு, ஆகஸ்ட் மாதக் கடைசி. சிங்கப்பூரின் வட்ட ரயில் பாதையில் ரயில்கள் திடீர் திடீரென்று அவசர பிரேக் போட்டு நிற்கத் தொடங்கின. ஓட்டுநர் இல்லாத ரயில்கள் அவை. சமிக்ஞைத் தொடர்பு அறுந்தால் பாதுகாப்புக்காகத் தாமே நின்றுவிடும். ஒருநாள் இங்கே, மறுநாள் வேறெங்கோ... என்ன காரணம் என்றே புரியவில்லை.

நவம்பரில் அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பின் தரவு அறிவியலாளர்கள் ஒவ்வொரு சம்பவத்தையும் நேரம், இடம் என்று வரைபடமாக்கிப் பார்த்தார்கள். நின்றுபோன ரயில்களில் பிரச்சினை இல்லை. அவற்றுக்கு எதிர்த்திசையில் கடந்துபோன ஒரே ஒரு ரயில்தான் 'குற்றவாளி'! பிவி46 என்ற அந்த ரயிலின் சமிக்ஞைக் கருவி அவ்வப்போது பழுதாகித் தவறான அலைகளை வெளியிட்டது. அருகிலிருந்த ரயில்களின் தொடர்பை அது கெடுத்தது. 95 விழுக்காட்டுக்கும் அதிகமான சம்பவங்களுக்கு அது ஒன்றே விளக்கமாக அமைந்தது.

அதைக் கண்டுபிடிக்கப் பயன்பட்ட மென்பொருள்? பைத்தான். இலவசம்.

ஒரு மின்னணுக் கருவி பக்கத்துக் கருவியைத் தொந்தரவு செய்யக்கூடாது. பக்கத்துக் கருவியின் தொந்தரவால் தானும் தடுமாறக்கூடாது. இதைத்தான் மின்காந்த இணக்கம் என்கிறார்கள். சுருக்கமாக இஎம்சி. நீங்கள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டுத் திட்டப்பணி செய்பவரா? நண்பர்களோடு சேர்ந்து ஏதோ ஒரு கருவியை விற்கலாம் என்று யோசிப்பவரா? அப்படியென்றால் இந்தச் சொல்லை நீங்கள் சந்தித்தே ஆகவேண்டும். பெரும்பாலானோர் அதைச் சந்திப்பது கடைசிக் கட்டத்தில். பெட்டி தயார், பலகை தயார், பணம் காலி... அப்போதுதான் சோதனைக்கூடம் "தேறவில்லை" என்று சொல்லும்.

இதற்கென்றே இருக்கும் தொழில்முறை மென்பொருள்களின் விலை மாணவர் பட்ஜெட்டில் அடங்காது. ஆனால் ஆரம்பத்திலேயே தவிர்க்கக்கூடிய தவறுகளுக்கு அவ்வளவு பெரிய ஆயுதம் தேவையும் இல்லை.

எக்செல் போதுமா?

ஆமாம், தொடங்குவதற்குப் போதும். உங்கள் கருவியிலிருந்து வெளியே நீளும் கேபிள் ஓர் ஆண்டெனா. அதில் தேவையில்லாமல் கசியும் மின்னோட்டம் (ஆம்பியர்), கேபிளின் நீளம் (மீட்டர்), அதிர்வெண் (ஹெர்ட்ஸ்) மூன்றையும் பெருக்குங்கள். அதை 12.6ஆல் பெருக்கி ஒரு கோடியால் வகுங்கள். பிறகு அளக்கும் தூரத்தால் வகுங்கள். வருவது மின்புலம், மீட்டருக்கு எத்தனை வோல்ட் என்ற கணக்கில். அலைநீளத்தைவிட மிகவும் குட்டையான கேபிளுக்கு இந்தத் தோராயம் நன்றாகவே பொருந்தும்.

1 மீட்டர் கேபிள், 50 மெகாஹெர்ட்ஸ், 5 மைக்ரோ ஆம்பியர், 3 மீட்டர் தூரம் என்று போட்டுப் பாருங்கள். விடை மீட்டருக்குச் சுமார் 105 மைக்ரோ வோல்ட். வீட்டுச் சூழலில் பயன்படும் பல்லூடகக் கருவிகளுக்கான சிஸ்பர் 32 தரநிலை அந்த அதிர்வெண்ணில் அனுமதிப்பது 100. அதாவது ஓர் ஆம்பியரில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு கசிந்தாலே போச்சு! முதன்முறை இந்தக் கணக்கைப் போடுபவர்கள் எங்கோ ஒரு பூஜ்யம் தப்பாகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். தப்பில்லை.

"என் கிளாக் 8 மெகாஹெர்ட்ஸ்தானே?"

கிளாக்கின் வேகத்தைவிட முக்கியமானது, சமிக்ஞை 0லிருந்து 1க்கு எவ்வளவு வேகமாகத் தாவுகிறது என்பது. 1 நானோ விநாடியில் தாவினால் அதன் ஆற்றல் சுமார் 318 மெகாஹெர்ட்ஸ் வரை தாராளமாகப் பரவும். அதையே 5 நானோ விநாடியாக மெதுவாக்கினால் 64 மெகாஹெர்ட்ஸைத் தாண்டியதுமே வேகமாகச் சரியும்.

இதை எல்டிஸ்பைஸில் கண்ணாலேயே பார்க்கலாம். அனலாக் டிவைசஸ் நிறுவனம் இலவசமாகத் தரும் மென்பொருள் அது. சதுர அலை ஒன்றை உருவாக்கி எஃப்எஃப்டி காட்சியைத் திறங்கள். சில்லின் கால் பக்கத்திலேயே 33 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராகச் சேர்த்து மறுபடியும் ஓட்டுங்கள். மேல் அதிர்வெண்கள் படுத்துவிடுவது தெரியும். சில காசு பெறுமானமுள்ள பாகம் அது.

இங்கே ஒரு பொறி உண்டு. மென்பொருளில் வரும் மின்தேக்கி பரிசுத்தமானது. கடையில் வாங்கும் மின்தேக்கி அப்படியில்லை. 100 நானோ ஃபாரட் மின்தேக்கியின் கால்களும் தடமும் சேர்ந்து 1 நானோ ஹென்றி தூண்டலைக் கொண்டிருந்தால், சுமார் 16 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அது மின்தேக்கியாகவே நடந்துகொள்ளாது. அந்த 1 நானோ ஹென்றியை நீங்களே வரைபடத்தில் போடாவிட்டால் உங்கள் ஃபில்டர் திரையில் அற்புதமாக வேலை செய்யும்... திரையில் மட்டும்! அதைத் திரையில் பார்த்துவிட்டு "முடிஞ்சது" என்று பலகைக்கு ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள்.

பலகை வரைய கிகேட். ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடமும் அதன் வளர்ச்சிக்குக் கைகொடுத்திருக்கிறது. இலவசம், யாரும் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். அதிலுள்ள விதிச் சரிபார்ப்பு தடங்களின் இடைவெளியைப் பார்க்கும். திரும்பிவரும் மின்னோட்டத்தைப் பற்றிக் கவலைப்படாது. போகும் மின்னோட்டம் திரும்பியே ஆகவேண்டும் இல்லையா? உயர் அதிர்வெண்ணில் அது தடத்துக்கு நேர் கீழே, கிரவுண்ட் தளத்தில் ஒட்டிக்கொண்டே திரும்பும். அந்தத் தளத்தில் நீங்கள் ஒரு வெட்டு விட்டிருந்தால் சுற்றி வளைத்து வரும். அந்த வளையம்தான் ஆண்டெனா.

ஆகவே, மற்ற அடுக்குகளை மறைத்துவிட்டு, வேகமான ஒவ்வொரு தடத்தையும் கிரவுண்ட் அடுக்கோடு சேர்த்து விரலால் பின்தொடருங்கள். சலிப்பான வேலைதான். எந்தச் சிமுலேஷனையும்விட அதிகப் பலன் தருவது இதுவே என்பேன்.

வெட்டின் விளைவை எண்களில் பார்க்க ஆசையா? ஓப்பன்இஎம்எஸ் என்ற திறந்த மூல மென்பொருள் மேக்ஸ்வெல் சமன்பாடுகளை நேரடியாகத் தீர்க்கும். ஆனால் முழுப் பலகையை அதில் போடாதீர்கள், மடிக்கணினி திணறிவிடும். ஒரு தடம், ஒரு வெட்டு, ஒரு தளம். அந்த அளவுக்குத்தான். பழகவும் சில வாரங்கள் ஆகும்.

அளந்து பார்க்காமல் முடியுமா?

முடியாது. மென்பொருள் "இது அதைவிட மேல்" என்று சொல்லும். "தேறும்" என்று உத்தரவாதம் தராது. யுஎஸ்பியில் செருகும் மலிவான ஆர்டிஎல்-எஸ்டிஆர் ரேடியோ, இலவச எஸ்டிஆர் மென்பொருள், கம்பியை வளைத்து நீங்களே செய்யும் சிறு வளைய உணரி... மூன்றும் சேர்ந்தால் பலகையில் எந்த இடம் இரைகிறது என்று மோப்பம் பிடிக்கலாம். அது காட்டும் அளவை தரநிலையோடு ஒப்பிடாதீர்கள்; அது துல்லியப்படுத்தப்பட்ட கருவி அல்ல. மாற்றத்துக்கு முன், மாற்றத்துக்குப் பின் என்ற ஒப்பீட்டுக்கு மட்டும்.

கம்பியில்லாத் தொடர்புள்ள கருவியை விற்கப்போகிறீர்கள் என்றால் சிங்கப்பூரில் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் விதிகளையும், மலேசியாவில் சிரிம் சான்றிதழ் நடைமுறையையும் முதலிலேயே படித்துவிடுங்கள்.

சோதனைக்கூடத்துக்குப் போகும் நாளில் பையில் சில ஃபெரைட் கிளிப்புகள், செம்பு ஒட்டுநாடா, 22 முதல் 100 ஓம் வரையிலான மின்தடைகள், பற்றவைக்கும் சாதனம் இருக்கட்டும். அனுமதித்தால் அங்கேயே மாற்றிப் பார்த்துவிடலாம். வாடகையோ மணிக்கணக்கில் ஏறும்!