மணப்பதிவும் வழக்கறிஞர் பயிற்சியும்

மலாக்கா நகரில் 1781 ஆம் ஆண்டு முதல் விளங்கி வருவது ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம். மலாக்காச் செட்டிகள் தங்கள் மணச் சடங்குகளைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வருவதும் அவ்வூரிலேதான். 1896 ஆம் ஆண்டு புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் ரப்பர் பயிரிட்ட பின்னர், அலோர் காஜா, ஜாசின் வட்டாரங்களிலும் தோட்டங்கள் பெருகின. அங்கே தமிழ்த் தொழிலாளர் குடியேறினர். லயத்து முற்றத்திலோ, தோட்டத்து மாரியம்மன் கோயிலிலோ, பெரியவர்கள் முன்னிலையில் தாலி கட்டினால் திருமணம் முடிந்தது. கணவன் மனைவியரிடையே பூசல் எழுந்தால் பஞ்சாயத்துக் கூடித் தீர்த்தது. ஏட்டில் எழுதிவைக்கும் வழக்கம் அருகியே இருந்தது.

ஆயினும், சொத்துரிமையோ பிரிவோ வழக்குமன்றம் சென்றபோது ஆங்கிலச் சட்டம் குறுக்கிட்டது. 1826 ஆம் ஆண்டு நீதிச் சாசனம் பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா ஆகிய மூன்றிடங்களுக்கும் அச்சட்டத்தைக் கொணர்ந்தது. எனினும், பிற சமயத்தாரின் மணமுறைகளை அது அறவே புறக்கணிக்க இயலவில்லை. 1908 ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தீர்ப்பான புகழ்பெற்ற ‘ஆறு கைம்பெண்கள்’ வழக்கில், சீனர் ஒருவரின் பல மனைவியரது உரிமையை நீதிமன்றம் ஏற்றது. வழக்கம் ஏற்கப்படும், ஆனால் அது மெய்ப்பிக்கப்படவேண்டும். அதற்குச் சான்று கூறும் கிழவர்களைத் தேடி அலைவது ஏழைகளுக்கு எளிதாகுமா?

அந்நாளில் வழக்கறிஞராக விரும்பிய இளைஞர் பெரும்பாலும் இலண்டன் மாநகரின் சட்டவிடுதிகளுக்கே செல்லவேண்டியிருந்தது. அங்கு கற்றது ஆங்கிலேயர் குடும்பச் சட்டம். தாலியும் சீர்வரிசையும் அப்பாடத்தில் இல்லை. கடல்கடந்து செல்லப் பொருள் வேண்டுமாதலின், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அக்கல்வி எட்டாக்கனியாயிற்று.

இந்நிலை மாறத் தொடங்கியது 1957 ஆம் ஆண்டில் எனலாம். அவ்வாண்டு சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்ட வகுப்புகள் தொடங்கின. 1972 இல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகச் சட்டத்துறை அமைந்தது. மலாக்காவிலும் பிற்காலத்தில் மல்டிமீடியா பல்கலைக்கழக வளாகத்தில் சட்டக் கல்வி வந்தது. 1976 ஆம் ஆண்டுச் சட்டத் தொழில் சட்டத்தின்படி, பட்டம் பெற்றவர், ஏழாண்டுக்குக் குறையாத தொழில் அனுபவமுடைய மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒன்பது மாதம் பயில வேண்டும். வெளிநாட்டில் சட்டம் பயின்றோருள் பலர் 1984 முதல் அதற்கெனத் தனித்தேர்வும் எழுதுகின்றனர். இங்கிலாந்தில் மனுக்களை ஆயத்தம் செய்வோரும் மன்றத்தில் வாதாடுவோரும் இரு பிரிவினர். மலேசியாவில் இரண்டும் ஒரே தொழில். ஆதலின், மணவிலக்கு வழக்கில் கண்ணீரோடு வருபவரின் கதையைக் கேட்பவரே உயர்நீதிமன்றத்தில் எழுந்து பேசவும் வேண்டும்.

அதே 1976 ஆம் ஆண்டில் வேறொரு சட்டமும் பிறந்தது. அதுவே திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம். 1982 மார்ச் 1 ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. முஸ்லிமல்லாதாருள் பெரும்பாலோருக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பது சட்டமாயிற்று. திருமணத்தைப் பதிவு செய்வது கடமையாயிற்று. அந்நாளுக்கு முன் வழக்கப்படி முறையாக நடந்த மணங்கள் பதிவு பெற்றனவாகவே கருதப்படும். ஒருதலையாக மணவிலக்குக் கோருவோர் பொதுவாக முதலில் இணக்கக் குழுவின் முன் செல்ல வேண்டும். பழைய பஞ்சாயத்தின் சாயல் இதில் உண்டு என்பது கருதத்தக்கது.

இருப்பினும், தாலியோடு நின்றுவிட்டுப் பதிவுக்குச் செல்லாதோர் இன்றும் உளர். 1982க்குப் பின் நிகழ்ந்த அத்தகைய மணங்களைப் பற்றி நீதிமன்றங்கள் எப்பொழுதும் ஒரே வகையாகத் தீர்ப்பளிக்கவில்லை. துன்பம் மிகுதியும் குழந்தையைச் சாரும். பெற்றோர் மணம் சட்டப்படி செல்லாதெனின், குடியுரிமைக்குத் தந்தையன்றித் தாயின் நிலையே பார்க்கப்படும். தாய்க்கும் குடியுரிமை இல்லையேல் பிள்ளை நாடற்றதாகிவிட நேரும். ஒரு சான்றிதழ் இல்லாமையால் ஓர் உயிர் சொந்த மண்ணிலேயே அயலாவது எத்தகைய கொடுமை!

இக்குறை முதலில் வெளிப்படும் இடங்களுள் பள்ளியும் ஒன்று. முதலாம் ஆண்டு சேர்க்கையின்போது பிறப்புப் பத்திரத்தைக் கேட்பவர் ஆசிரியரல்லரோ? அந்நேரத்தில் பெற்றோரைக் கடியாது, பதிவலுவலகத்துக்கும், 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஏழையர்க்கென அமைந்த சட்ட உதவித் துறைக்கும் வழிகாட்டுதல் அவர்தம் தொண்டாகும். அவ்வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணாக்கருள் ஒருவர் நாளை குடும்ப வழக்கறிஞராகலாம். இலண்டனில் கற்றோர் சாட்சி சொல்லக் கேட்டறிந்த வழக்கங்களை அவர் தம் வீட்டு முற்றத்திலேயே அறிந்திருப்பார். சட்டமும் லயத்து வாழ்வும் ஒருசேரக் கற்ற அத்தகையோர் பெருகுவதே மலாக்காத் தமிழருக்கு நலமாம்.